கல்லுக்காக நகையா, நகைக்காகக் கல்லா?

ஸ்ரீரங்கம் பெருமாள் கண்ணில் இருந்த வைரத்தை ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடிக்கொண்டு போய்விட்டான், அந்த வைரம் இன்றைக்கு ருஷ்ய நாட்டுச் செங்கோலில் இருக்கிறது என்ற கதையை நம் ஊரில் கேட்காதவர்கள் குறைவு. வெளியூர் விருந்தினர் வந்தால் ராஜகோபுரத்தைக் காட்டியபடியே இந்தக் கதையையும் சொல்லி அனுப்புவது நமக்குப் பழக்கம். சொல்லும்போது வருத்தம் பாதி, பெருமை பாதி. "உலகப் புகழ் பெற்ற வைரமே எங்கள் ஊரிலிருந்து போனதுதான்" என்பதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

பள்ளிப் படிப்பு எனக்குப் பிரெஞ்சு வழியில் அமைந்தது. ஆகவே கதையில் வரும் சிப்பாய் எந்த நாட்டுக்காரன் என்பதைச் சொல்லி என்னைக் கேலி செய்த நண்பர்கள் உண்டு. அந்தக் கேலிக்குப் பதில் தேடித்தான் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கோப்புகளோடு புழங்கியவன். ஒரு கோப்பைப் படிக்கும்போது முதலில் பார்ப்பது, தாள்கள் வரிசையாக இருக்கின்றனவா, நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்பதைத்தான். இந்த வைரத்தின் கோப்பையும் அப்படியே பார்க்கலாம் வாருங்கள்.

முதலில் கல்லைப் பற்றி. அதன் பெயர் ஆர்லோவ். எடை 189.62 காரட். ஐந்து காரட் ஒரு கிராம் என்பதால், இது ஏறக்குறைய 38 கிராம். நம் கணக்கில் சொன்னால் ஐந்து பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. முட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வடிவம். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் கும்மாச்சி. மேலே வரிசை வரிசையாகச் சுமார் 180 பட்டைகள். லேசாக நீலமும் பச்சையும் கலந்த சாயல். மாஸ்கோவில் கிரெம்ளின் கோட்டைக்குள் இருக்கும் வைர நிதியம் என்ற காட்சிக்கூடத்தில் இப்போது இருக்கிறது.

இனி கதை. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிப்போன ஒரு சிப்பாய், ஸ்ரீரங்கம் கோயிலில் விக்ரகத்தின் கண்கள் இரண்டும் பெரிய வைரங்கள் என்று கேள்விப்படுகிறான். இந்து மதத்தில் சேர்ந்துவிட்டதாக நடிக்கிறான். அர்ச்சகர்களின் நம்பிக்கையைப் பெற்று உள்ளே வேலைக்கும் சேருகிறான். இடியும் மழையுமான ஓர் இரவில் ஒரு கண்ணைப் பெயர்த்துக்கொண்டு, இன்னொன்றை விட்டுவிட்டு, மதராஸுக்கு ஓடுகிறான். அங்கே ஓர் ஆங்கிலக் கப்பல் கேப்டனிடம் 2,000 பவுண்டுக்கு விற்கிறான். கல் கைமாறிக் கைமாறி ஐரோப்பா போய்ச் சேருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கதை ஐரோப்பாவில் வெகு பிரபலம். 1868ல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ என்ற துப்பறியும் நாவலின் முன்னுரையிலேயே, ருஷ்யச் செங்கோலில் உள்ள கல் ஒரு காலத்தில் இந்திய விக்ரகத்தின் கண்ணாக இருந்தது என்ற பேச்சைத் தன் கதைக்கு ஓர் ஆதாரமாக அவர் குறிப்பிடுகிறார்.

கதை சுத்தமாக வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் இருந்தது உண்மை. 1751ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து திருச்சிக் கோட்டையை முற்றுகை இட்டார்கள். கோட்டைக்குள் முகமது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயர். 1752ல் நிலைமை தலைகீழாக மாறியது. கிளைவும் லாரன்ஸும் நெருக்கவே, பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைத் தாண்டித் தீவுக்குள் பின்வாங்கினார். பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் கோயிலிலும், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் புகுந்துகொண்டார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சாவூர்ப் படையிடம் போய்ச் சிக்கி உயிரிழந்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்து தீவைப் பிடித்துக்கொண்டார்கள். 1754ல் சமாதானம் ஏற்படும் வரை இந்தப் போக்குவரத்து ஓயவில்லை. நாம் காலாற நடக்கும் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் அன்றைக்குப் பீரங்கி வண்டிகள் உருண்டிருக்கின்றன.

ஆனால் அதே போரைப் பற்றி ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலேயர் எழுதிய சரித்திரத்தில் ஒரு செய்தி இருக்கிறது. லா சரணடைந்த பிறகு, கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். மூன்றாம் மதிலுக்குள் காலை வைத்தால் ஒருவரையும் விடமாட்டோம் என்று ஜெயித்த படையிடமே சொன்னார்கள். ஆங்கிலேயர்களும் அவர்களுடைய பக்தியை மெச்சி, உள்ளே நுழைய முயலவில்லை. ஏழு பிராகாரம் உள்ள கோயிலில், அதுவும் யுத்த காலத்தில், மூன்றாம் மதிலுக்கே இவ்வளவு காவல். ஓடிப்போன வெள்ளைக்காரச் சிப்பாய் கர்ப்பக்கிரகத்துக்குள் வேலைக்குச் சேர்ந்தான் என்பது கதையில்தான் நடக்கும்.

அடுத்து, கண் என்ற விஷயம். நம் மூலவர் சுதைத் திருமேனி. தைலக்காப்பு சாத்திப் பாதுகாத்து வருகிற திருமேனி. திருமஞ்சனம் எல்லாம் உத்ஸவரான நம்பெருமாளுக்குத்தான். கோயில் நகைகளில் கண்ணுக்கென்று உள்ளது கண்மலர். வேண்டுதலுக்காகப் பலரும் வாங்கிச் சாத்தியிருப்பீர்கள். அது தகட்டு வேலை. இலை மாதிரி மெல்லியதாக, வைக்கிற இடத்தோடு ஒட்டி நிற்கும். அரை முட்டை மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் 38 கிராம் கல்லைக் கண்ணாக வைக்க எந்த ஸ்தபதியும் சம்மதிக்கமாட்டார். கண்ணுக்கு வேண்டிய நீளவாக்கு அமைப்பு அதில் இல்லை. கதைப்படி இன்னொரு கண்ணை அவன் விட்டுவிட்டல்லவா போனான்? உலகத்தின் மிகப் பெரிய வைரங்களில் ஒன்றுக்கு ஜோடி ஸ்ரீரங்கத்திலேயே இருந்திருந்தால், அதற்குப் பிறகு இங்கே ஆண்ட நவாபும், கும்பெனியாரும், கலெக்டர்களும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருப்பார்களா?

கோயில் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்குத் தஞ்சாவூரைப் பாருங்கள். 1010ல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து, நூல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு, கல்லில் என்ன குற்றம் என்பது வரை இருக்கிறது. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற அளவில் வருகிறது. வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று நான்காகப் பிரித்துச் சொல்லும் வழக்கு சிலப்பதிகார காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. சின்னச் சின்னக் கல்லுக்கே இவ்வளவு எழுதி வைத்த மரபு இது. ஆர்லோவ் கதையைச் சொல்லும் ஐரோப்பியப் புத்தகங்களோ கோயில் கல்வெட்டு ஒன்றையும் சான்றாகக் காட்டுவதில்லை. இந்தக் கோப்பில் காணாமல் போன தாள் என்று ஒன்று இருந்தால் அது முதல் தாளேதான்.

இப்போது கோப்பின் மறுபக்கத்துக்கு வருவோம். ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி ஆறு முறை கீழை நாடுகளுக்கு வந்தவர். அவருடைய பயண நூல் 1676ல் பாரிசில் வெளிவந்தது. நடை பழையதுதான். எழுத்துக்கூட்டும் இன்றைய பிரெஞ்சு இல்லை. ஆனால் வியாபாரி கண்ணோடு எழுதியதால் அளவும் எடையும் துல்லியமாக இருக்கும். 1665 நவம்பர் 2ஆம் தேதி டெல்லியில் ஔரங்கசீப்பின் நகைகளைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. நகைக் கருவூலத்தின் தலைவர் முன்னிலையில், அரக்குப் பூசிய இரண்டு தட்டுகளில், துணி போர்த்திக் கொண்டு வந்தார்கள். திறந்தவுடன் மூன்று முறை எண்ணினார்களாம். மூன்று எழுத்தர்கள் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்களாம். இதைப் படித்தபோது என் இனத்தவரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு!

முதலில் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பெரிய வைரம். அதைத்தான் பிற்காலத்தில் ‘மகா மொகல்’ என்று அழைத்தார்கள். அதன் வடிவத்தை அவர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? பாதியாக வெட்டிய முட்டை. கீழ் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, உள்ளே ஒரு சின்ன ‘கிளாஸ்’ என்றும் குறித்து வைத்திருக்கிறார். பிரெஞ்சில் ‘கிளாஸ்’ என்றால் பனிக்கட்டி. வைரத்துக்குள் தெரியும் வெண்மையான குறையைப் பிரெஞ்சு ரத்தின வியாபாரிகள் அந்தப் பெயரால்தான் சொல்வார்கள்.

அந்தக் கல் கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது. மீர் ஜும்லா அதை ஷாஜகானுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். பட்டை தீட்டாத நிலையில் 900 ரத்தி. பட்டை தீட்டும் பொறுப்பு ஹொர்டென்சியோ போர்ஜியோ என்ற வெனிஸ் நகரத்துக்காரரிடம் வந்தது. உள்ளே பல குறைகள் இருந்தன. பிளந்து எடுத்திருந்தால் குறையை நீக்கியது போலவும் ஆகும், ஒரு நல்ல துண்டும் தனியாகக் கிடைத்திருக்கும் என்கிறார் தவெர்னியே. போர்ஜியோவுக்கு அந்தத் தைரியமோ திறமையோ இல்லை. எல்லாவற்றையும் தேய்த்தே தள்ளிவிட்டார். கடைசியில் நின்றது 319½ ரத்தி. கூலி கொடுப்பதற்குப் பதில் பாதுஷா அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார். அவரிடம் இன்னும் பணம் இருந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பார்களாம்.

சரி, ஆர்லோவும் இதுவும் ஒன்றுதானா? வடிவம் ஒத்துப்போகிறது. இடிப்பது எடைதான். தவெர்னியே ஒரு ரத்தியை 7/8 காரட் என்று வைத்து, 319½ ரத்தியை 279 9/16 காரட் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆர்லோவோ 190 காரட் கூட இல்லை. தொண்ணூறு காரட் எங்கே போயிற்று?

இங்கேதான் நம் ஊர்ப் பத்தர்கள் உதவிக்கு வருகிறார்கள். வடக்கே ரத்தி என்பது நம் குன்றிமணிதான். சிவப்பும் கறுப்புமாகப் பிள்ளையார் கண்ணுக்கு ஒட்டுவோமே, அதே விதை. பத்தர் தராசில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. ஒரு குன்றிமணியின் எடை ஏறத்தாழ 0.12 கிராம், அதாவது 0.6 காரட். தவெர்னியே போட்டது 0.875. ரத்தியின் அளவு ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறும். அவர் பிடித்துக்கொண்டது பெரிய ரத்தி. இப்போது 319½ஐ 0.6 ஆல் பெருக்கிப் பாருங்கள். 191.7 காரட். ஆர்லோவ் 189.62. பழைய தராசு, பழைய விதை என்பதை நினைத்தால் இரண்டு காரட் வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை. தொண்ணூறு காரட் எங்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு தாள்கள் ஓரளவு வரிசையாக வருகின்றன. 1739ல் நாதிர்ஷா டெல்லியைக் கொள்ளையிட்டு மொகலாயக் கருவூலத்தைப் பாரசீகத்துக்கு வாரிக்கொண்டு போனார். 1747ல் அவர் கொலையுண்டதும் நகைகள் சிதறின. ஆர்மீனிய வியாபாரிகள் கை வழியாக இந்தக் கல் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ருஷ்ய அரண்மனை ரத்தின வியாபாரி லாசரேவ் மூலம் 1770களில் கிரிகோரி ஆர்லோவ் பிரபு கைக்கு வந்தது. 1762ல் கேதரின் மகாராணி சிம்மாசனம் ஏறத் துணை நின்றவர் அவர். ராணியின் அன்பை இழந்த பிறகு, திரும்பப் பெறும் ஆசையில் இதைப் பரிசாகக் கொடுத்தார் என்பார்கள். ராணி கல்லை ஏற்றுக்கொண்டார், அதற்கு அவர் பெயரையும் வைத்தார், ஆனால் பழைய இடத்தைத் திருப்பித் தரவில்லை. 1920களில் ருஷ்ய அரச நகைகளை ஆராய்ந்த கனிமவியல் அறிஞர் ஃபெர்ஸ்மன், ஆர்லோவும் மகா மொகலும் ஒரே கல் என்ற முடிவுக்கு வந்தார். இன்றைக்கு ரத்தின ஆய்வாளர்கள் பலரும் அந்தப் பக்கம்தான். டெல்லிக் கருவூலத்தில் 1739 வரை இருந்த கல், ஸ்ரீரங்கத்தில் நூற்றாண்டுக்கணக்கில் கண்ணாக இருந்திருக்க முடியாது அல்லவா?

இதுவரை சொன்னது கோப்பு. இந்தக் கல்லிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு விநோதமான வடிவம் உள்ள கல்லை வைத்து என்ன நகை செய்வது? மோதிரமாகாது. பதக்கமாக்கினால் கழுத்தை இழுக்கும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வைரம் என்றால் பிரில்லியன்ட் வெட்டுத்தான். கீழே கூராக, மேலே தட்டையாக, வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கிற வெட்டு. இதுவோ அதற்கு நேர் எதிர். மறுபடி வெட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லில் யாரும் கை வைக்கவில்லை. கல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கேற்ற பொருளைத் தேடினார்கள். அதுதான் செங்கோல்.

மெருகிட்ட தங்கக் கோல், மூன்று பகுதி. அதைச் சுற்றி எட்டு வளையங்களாக வைரங்கள். உச்சியில் ஆர்லோவ். கும்மாச்சிப் பக்கம் முன்னே தெரியும்படி, தட்டைப் பக்கம் பின்னால் போகும்படி அமைப்பு. அதற்கு மேலே ருஷ்யாவின் இரட்டைத் தலைக் கழுகு. நேராகப் பிடிக்கும் கோலின் தலையில் கனமான, உருண்ட ஒரு பொருள் இருப்பது கண்ணுக்கு இயல்பாகப் படுகிறது. கழுத்துக்கும் விரலுக்கும் பாரமாகிற கல், கோலுக்கு அழகாகிவிட்டது. மொகலாயப் பட்டைகள் 180ம் இன்றும் அப்படியே இருக்கின்றன. போர்ஜியோவின் கைவேலையை நாம் இன்றும் பார்க்க முடிவது அதனால்தான்.

கோஹினூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகாராஜா ரஞ்சித் சிங் அதை இருபுறமும் ஒவ்வொரு வைரத்தோடு சேர்த்துத் தோளில் கட்டும் வங்கியாக வைத்திருந்தார். அங்கே நகை கல்லுக்கு அடங்கி நின்றது. 1851ல் லண்டன் பொருட்காட்சியில் வைத்தபோது, மங்கலாக இருக்கிறதே என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். மறு வருஷமே ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். நீராவி இயந்திரத்தில் 38 நாள் தேய்த்தார்கள். ஏறத்தாழ 191 காரட் இருந்த கல் 105.6 காரட் ஆயிற்று. பாதிக்குச் சற்றே குறைய, தூளாகப் போயிற்று. பளபளப்பு கூடியது உண்மை. ஆனால் அதில் இருந்த பழைய கை, பழைய வெட்டு, பழைய சரித்திரம் எல்லாம் தேய்ப்புக் கல்லோடு போய்விட்டன. நகைக்காகக் கல்லை மாற்றியதற்கு அது உதாரணம் என்றால், கல்லுக்காக நகையை மாற்றியதற்கு ஆர்லோவ் உதாரணம்.

இதில் எது சரி என்பது நம் பெரிய கடை வீதிப் பத்தர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல பத்தர் கல்லைக் கையில் வாங்கினால் உடனே டிசைன் புத்தகத்தைத் திறக்கமாட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கெம்பு என்றால் பின்னால் தகடு வைத்து மூடிக் கட்டுவார், நிறம் எழும்பும். வைரத்தில் குளோஸ் செட்டிங்கா ஓப்பன் செட்டிங்கா என்பதைக் கல்லின் தரம் சொல்லும். முத்துக்கு நெருப்பு ஆகாது. ஓப்பல் என்று ஒரு கல் உண்டு, நம் பக்கம் அபூர்வம். ஒரே கல்லுக்குள் பச்சை, நீலம், சிவப்பு என்று மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடும். அதற்குள் கொஞ்சம் தண்ணீரே இருக்கிறது. சூடு பட்டால் விரிசல் விடும். வைரம் மாதிரி கெட்டி இல்லை, சுலபமாகக் கீறல் விழும். அதற்குப் பட்டை போடுவது அழகல்ல. வழவழவென்று உருட்டித்தான் விடுவார்கள். பிரெஞ்சில் அதற்குக் கபோஷோன் என்று பெயர். ‘மண்டை’ என்ற பேச்சுச் சொல்லிலிருந்து வந்தது. நிறம் எந்தப் பக்கம் நன்றாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் மேலே வரும்படி வைத்து, விளிம்பு இடிபடாமல் சுற்றிலும் தங்கக் கரை கட்டி, ஊதுகுழல் வேலை எல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதிக்க வேண்டும். கல்லின் குணம் தெரியாமல் நகையை முதலில் செய்தால் இரண்டும் கெடும்.

பத்தர்கள் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் வைக்கிங் காலத்துப் புதையல்களைத் தோண்டி எடுக்கும்போது, மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பின்னிச் செய்த உருண்டைச் சங்கிலிகள் கிடைப்பதுண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை. அவற்றுக்குத் தொல்லியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘டிரிச்சினோபோலி வேலை’. நம் திருச்சிதான்! வைக்கிங்குகள் திருச்சிக்கு வந்ததில்லை, நம் பத்தர்கள் அங்கே போனதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் நம் ஊர்ப் பத்தர்கள் கம்பியில் பின்னிய தங்க, வெள்ளிச் சங்கிலிகள் ஆங்கிலேயச் சீமாட்டிகள் கழுத்தில் அவ்வளவு பிரபலம். தோண்டி எடுத்த சங்கிலியும் அந்த மாதிரிப் பின்னலாக இருக்கவே, தெரிந்த பெயரையே வைத்துவிட்டார்கள். உமி அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து கம்பி இழுத்த, பெயர் தெரியாத மனிதர்களின் விரல்களுக்குக் கிடைத்த பட்டம் அது. இன்றும் அருங்காட்சியகக் குறிப்புகளில் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், திருடுபோன கண் என்ற கதையைச் சொல்லிச் சொல்லி, நாம் உண்மையில் இழந்ததை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1311ல் மாலிக் காஃபூர் படை வந்தது. 1323ல் டெல்லிப் படை மறுபடி வந்தபோது, பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார். முதிர்ந்த வயதில், வழியிலேயே ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். நம்பெருமாள் பல ஊர்களில் தங்கி, கோபண்ணாவின் முயற்சியால் 1371ல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம்! அந்தத் திரும்புதலைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. கோயில் ஒழுகும் அதைச் சொல்கிறது. அந்த இழப்புக்குத் தேதி உண்டு, பெயர் உண்டு, உயிர் கொடுத்தவர்கள் உண்டு. வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலை ரத்னாங்கியும் பாண்டியன் கொண்டையுமாக நம்பெருமாள் பரமபத வாசலைத் தாண்டி வருவதைப் பார்க்கும்போது, இது இழந்துவிட்டுத் திரும்பப் பெற்ற செல்வம் என்ற நினைப்பு வந்தால் போதும். கற்பனைச் சிப்பாய் ஒருவனுக்கு அதில் வேலை இல்லை.

கதையைச் சொல்லவே கூடாது என்று நான் தடை போடவில்லை. இடி மழை இரவு, மாறுவேஷம், மதராஸ் ஓட்டம் எல்லாம் கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. பேரன் பேத்திகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒரு பிடி குன்றிமணியைக் கையில் கொடுத்து, 319½ஐ 0.6 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு மூக்குத்தியோ தோடோ வீட்டில் இருக்கும் பழைய நகை ஒன்றை எடுத்துக் காட்டி, இந்தக் கல்லைப் பத்தர் ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்குள் அவர்களே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.